ரிலே லைப்ரரி டெபியனில் சேர்ந்தது: உதவியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கணினியிலிருந்து மோட்டார் போன்றவற்றை ஆன்-ஆஃப் செய்யும் யுஎஸ்பி ரிலே போர்டுகளை இயக்க நான் எழுதிய சின்ன லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு), டெபியன் லினக்ஸில் புதுப் பேக்கேஜ்கள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளைக்குள் வந்துவிட்டது. இனி ஆப்ட் இன்ஸ்டால் என்று ஒரு வரி அடித்தால் போதும். நிரல் என்னுடையதுதான். ஆனால் அதைப் பேக்கேஜாக்கிய உழைப்பில் பெரும்பங்கு உங்களுடையது.

முதல் நன்றி தளியில் ரோஜா போட்டிருக்கும் அண்ணனுக்கு. பூ வெட்டும் நாளிலும் முகம் சுளிக்காமல், தன் பசுமைக்குடிலில் பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகர் மோட்டாரை எங்கள் சோதனைக்கு விட்டார். அங்கே கொட்டகையில் இருக்கும் குட்டிக் கணினிக்கு மானிட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை. எந்தச் சாதனத்தை யார் இயக்கலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகளில் ‘யுஅக்சஸ்’ என்று குறித்தால், கணினி முன் உட்கார்ந்து லாகின் செய்திருப்பவருக்குத்தான் அனுமதி கிடைக்கும். கொட்டகையில் யார் உட்கார்ந்திருப்பது?

இதைச் சொன்னதும் எங்களுக்காகப் பேக்கேஜை டெபியனில் ஏற்றித்தரும் ஸ்பான்சர், தனியாக ஒரு பயனர் குழுவுக்கும் அனுமதி தரும்படி விதியை மாற்றிக் கொடுத்தார். விதிக் கோப்பின் பெயரில் உள்ள எண் 73-க்கு முன்னால் இருந்தால்தான் யுஅக்சஸ் வேலை செய்யும் என்பதும் அவர் சொன்னதே. 60 என்று வைத்தோம்.

அவருக்கு இன்னொரு நன்றியும் பாக்கி. புதுப் பேக்கேஜை முதல்முறை பைனரியோடு (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்தோடு) ஏற்ற வேண்டும். அடுத்த கட்டமான டெஸ்டிங் கிளைக்குப் போக, மூலநிரலை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டாவதை நான் கேட்காமலே செய்து, தன் டிஜிட்டல் சாவியால் கையெழுத்தும் போட்டார்.

காப்புரிமைக் கோப்பில் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் எழுதியாக வேண்டும். ஒரு ஹெடர் கோப்பில் உரிமமே இல்லை. அதை எழுதியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டோம். மறுப்பே சொல்லாமல், யாரும் தாராளமாகப் பயன்படுத்தவிடும் எம்ஐடி உரிமம் தந்துவிட்டார். முகம் தெரியாத அந்த நண்பருக்கும், டெபியனின் அனுமதி வரிசையில் இருந்த பேக்கேஜை வரிவரியாகப் பார்த்து அனுமதித்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

ஏஆர்எம் சிப் உள்ள குட்டிக் கணினிப் போர்டுகளில் ஓட்டிப் பார்த்த பர்கூர் தம்பிகளே, உங்களை மறக்கவில்லை. டெபியன் இதை ராட்சதக் கணினியான ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்கும் கட்டிவிட்டது. அதில் யார் ஃபாகர் மோட்டாரை மாட்டப்போகிறார்களோ!

அப்புறம் ஒரு வேண்டுகோள்: எட்டு ரிலே உள்ள போர்டு என்னிடம் இல்லை. வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் பக் பதிந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து