வாள்வீச்சுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அவைத் தலைவர், உறுப்பினர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு உரைகளில் அதிகம் பேசப்பட்டவர் பேலா ரெரிச். 1881-இல் புடாபெஸ்டில் பிறந்து, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக வாள் பிடித்தவர். பிழைப்புக்குக் கட்டடக்கலை. வாள்வீச்சுக்காரர்கள் அவரைப் பதக்கப் பட்டியலில் தேடுவார்கள்; பார்க்க வேண்டிய இடமோ ஹங்கேரியின் செகெட் நகரிலுள்ள தோம் சதுக்கம்.

1879 வெள்ளத்தில் அழிந்த ஊர், நேர்ந்துகொண்டு கட்டிய பேராலயம் அங்கே ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது. இரட்டைக் கோபுரம், 91 மீட்டர். முதல் உலகப் போருக்குப் பின் எல்லை மாறி ருமேனியாவுக்குப் போன கொலோஸ்வார் நகரின் பல்கலைக்கழகம் 1921-இல் செகெட்டுக்குக் குடிபெயர, அதன் ஆய்வுக்கூடங்களை ஆலயத்தைச் சுற்றி அமைக்கும் பொறுப்பு ரெரிச்சுக்கு வந்தது. கோபுரத்தோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. மூன்று பக்கமும் தாழ்வான ஒரே தொடர், அடியில் வளைவுகள் கொண்ட தாழ்வாரம், பூச்சில்லாத கருஞ்சிவப்புச் செங்கல். நடுவே சுமார் 12,000 சதுர மீட்டர் வெற்றிடம். 1931 முதல் அங்கே திறந்தவெளி நாடகம் நடக்கிறது. எதிராளியை எட்டத்தில் நிறுத்தத் தெரிந்தவரின் வேலை என்று எங்களுக்குப் பட்டது. 1932-இல், 50 வயதில் காலமானார். அதே பெயர்கொண்ட மகன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் எப்பே (முனையால் மட்டும் குத்தும் வாள்) குழுப் போட்டியில் வெள்ளி வென்று, பின் சுவீடனில் பயிற்சியாளரானார்.

ரெரிச் காலத்தில் குத்து பட்டதா என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்தே சொன்னார்கள். ஒலிம்பிக் எப்பேக்கு, குத்து பட்டால் எரியும் மின்விளக்கு வந்தது 1936-இல். நம் தகராறுகள் முக்கால்வாசி அந்த விளக்கால்தான்.

ஆகவே கருவிப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. எப்பே முனையை அழுத்தி 750 கிராம் எடையை அதன்மேல் நிறுத்துங்கள். ஸ்பிரிங் அதைத் தூக்க வேண்டும். 1.5 மி.மீ. தகடு முனையிடுக்கில் நுழைய வேண்டும். 0.5 மி.மீ. தகட்டை வைத்து அழுத்தினால் விளக்கு எரியக் கூடாது. குத்தியும் எரியாவிட்டால் பெரும்பாலும் வாள் அலகின் பள்ளத்தில் ஓடும் மின்கம்பி அறுந்திருக்கும். தொடாமலே எரிந்தால் முனை சிக்கியிருக்கும், அல்லது மின்கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். கைக்காப்பில் (பிடிக்கு முன்னுள்ள உலோகக் கிண்ணம்) பட்டதற்கெல்லாம் எரிந்தால் முதலில் துருவைப் பாருங்கள்: துரு மின்சாரத்தைத் தடுப்பதால் கைக்காப்பு என்று இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. உப்புத்தாள் போதும். முனைத் திருகாணிகள் இரண்டும் கடுகளவுதான். வெள்ளைத் துணி விரித்துக் கழற்றவும்.

வரவு செலவுக் கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.