புளூட்டோ நீக்கப்பட்டது சிறியது என்பதற்காக அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் "கோள்கள் எத்தனை?" என்ற கேள்விக்கு, "முன்பு ஒன்பது, இப்போது எட்டு. மிகச் சிறியது என்பதால் புளூட்டோ நீக்கப்பட்டது" என்று பதில் வந்திருந்தது. எண்ணிக்கை சரி, காரணம் தவறு. இந்தக் காரணத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும். வியாழனின் நிலவான கனிமீடின் விட்டம் 5,268 கி.மீ., சனியின் நிலவான டைட்டன் 5,150 கி.மீ., புதன் வெறும் 4,879 கி.மீ. நிலவுகளைவிடச் சிறிய புதன் கோளாக நீடிக்கிறதே, எப்படி?

செக் நாட்டின் பிராக் நகரில் 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் நிறைவேற்றிய தீர்மானத்தில் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. அது கேட்பது மூன்று கேள்விகள். சூரியனைச் சுற்றுகிறதா? தன் ஈர்ப்பாலேயே ஏறக்குறைய உருண்டையாகும் அளவுக்கு நிறை இருக்கிறதா? தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்கிறதா? கனிமீடு வியாழனைச் சுற்றுவதால் முதல் கேள்வியிலேயே வெளியே. புளூட்டோ முதல் இரண்டிலும் தேறிவிட்டது. தோற்றது மூன்றாவதில்.

அந்த மூன்றாவதுதான் தமிழில் படாதபாடு படுகிறது. 'பாதையைச் சுத்தம் செய்திருக்க வேண்டும்' என்று எழுதியதும் படிப்பவர் மனத்தில் துடைப்பம் வந்து நிற்கிறது. பூமியின் பாதையைக் குறுக்கிடும் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வியாழன் போகும் பாதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோஜன் சிறுகோள்கள் கூடவே போகின்றன. அப்படியானால் பூமியும் வியாழனும் கோள்கள் இல்லையா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் குப்பை கிடக்கிறதா என்பது கேள்வி அல்ல, அந்த வட்டாரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ட்ரோஜன்கள் வியாழனுக்கு 60 பாகை முன்னும் 60 பாகை பின்னும் இரண்டு கூட்டங்களாகத் திரிவதே, வியாழனின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து அவற்றை அங்கே பிடித்து வைத்திருப்பதால்தான். 'பாதை ஆதிக்கம்' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

இதைக் கணக்காகவும் காட்டலாம். ஸ்டீவன் சோட்டர் என்ற வானியலாளர் 2006-ல் சொன்ன வழி எளிது. ஒரு பொருளின் நிறையை, அதே பாதை மண்டலத்தில் திரியும் மற்ற எல்லாவற்றின் கூட்டு நிறையால் வகுக்க வேண்டும். பூமிக்கு விடை சுமார் 17 லட்சம். எட்டுக் கோள்களில் எதை எடுத்தாலும் விடை ஆயிரங்களுக்குக் கீழே இறங்காது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸுக்கு 0.33, புளூட்டோவுக்கு 0.1-க்கும் குறைவு. நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது, கோட்டை எங்கே போட்டாலும் எட்டு ஒரு கரையிலும் மற்றவை மறுகரையிலும்தான் நிற்கும். பிராக் வாக்கெடுப்பில் மஞ்சள் அட்டையைத் தூக்கி வாக்களித்தவர்கள் 424 பேர்தான், அதாவது ஒன்றியத்தின் அன்றைய உறுப்பினர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான் என்ற புகார் இன்றும் உண்டு. புகாரில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்தப் பள்ளம் வாக்குப் போட்டு வந்தது அல்ல.

"புளூட்டோ குறுக்கே வருகிறதே, நெப்டியூன் மட்டும் தன் பாதையைச் சுத்தம் செய்துவிட்டதா?" என்பது அடுத்து வரும் கேள்வி. இதற்குப் பெருக்கல் வாய்பாடு போதும். நெப்டியூன் சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 165 ஆண்டுகள், புளூட்டோ சுற்ற 248 ஆண்டுகள். 165-ஐ மூன்றால் பெருக்கினால் 495, 248-ஐ இரண்டால் பெருக்கினால் 496. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ இரண்டு சுற்று. அந்த ஓராண்டு வித்தியாசம் நெடுங்காலச் சராசரியில் சமனாகிவிடும். இந்தத் தாளத்தை விதிப்பது நெப்டியூன், அதற்கு ஆடுவது புளூட்டோ. 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகே இருந்தது. அப்போதும் இரண்டும் நெருங்கவே இல்லை.

அதே பக்கத்தில் வந்த படத்திலும் ஒரு பிழை. நெப்டியூன் பாதையும் புளூட்டோ பாதையும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்வதுபோல் வரைந்திருந்தீர்கள். மேலிருந்து பார்த்துத் தாளில் போட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் புளூட்டோவின் பாதை 17 பாகை சாய்ந்தது. அந்த 'வெட்டும்' இடங்களில் ஒரு பாதை மேலேயும் மற்ற பாதை கீழேயும் போகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சின்னப் படம் ஒன்றை ஓரத்தில் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஒரு கோளைப் பட்டியலிலிருந்து இறக்கியது 2006-ல்தான் முதன்முறை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று பலேர்மோவில் பியாட்சி கண்டுபிடித்த சீரிஸ் கோளாகவே எண்ணப்பட்டது. பிறகு பல்லாஸ் (1802), ஜூனோ (1804), வெஸ்டா (1807) வந்து கோள்கள் பதினொன்று ஆயின. 1845-ல் அஸ்ட்ரேயா சேர்ந்தது. 1846-ல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டபோது அது வரிசையில் பதின்மூன்றாவது! 1851 முடிவதற்குள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பதினைந்து பொருள்கள் தேறிவிட்டன. அத்தனையையும் கோள் என்று எண்ணினால் இருபத்துமூன்று. ஒரே வட்டாரத்தில் கூட்டமாகத் திரிபவற்றுக்குச் சிறுகோள் என்ற தனிப் பெயரும் வரிசை எண்ணும் கொடுத்து ஒதுக்கியது அதன் பிறகுதான். சீரிஸின் எண் 1. நம் காவலூர் வானாய்வகத்தில் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட ராமானுஜன் சிறுகோளின் எண் 4130. 2006 செப்டம்பரில் புளூட்டோவுக்கும் அதே பட்டியலில் 134340 என்ற எண் கொடுத்தார்கள்.

புளூட்டோவின் கதை சீரிஸ் கதையின் மறுபதிப்புதான், கொஞ்சம் மெதுவாக நடந்தது. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டாம்பா 1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒரு மங்கல் புள்ளி மட்டும் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் இடம் மாறித் துள்ளியது. நெப்டியூனுக்கு அப்பால் பூமியைப்போல் ஏழு மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று இருக்கும் என்ற கணிப்போடு தேடியதால், கிடைத்ததைக் கோள் என்று அறிவித்ததில் வியப்பில்லை. பிறகு ஒவ்வொரு அளவீட்டிலும் அதன் நிறை தேய்ந்துகொண்டே வந்தது. 1948-ல் பூமியில் பத்தில் ஒன்று என்றார்கள். 1978-ல் அதன் நிலவு சாரன் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்மை தெரிந்தது. ஒரு நிலவு எவ்வளவு தொலைவில் எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். இன்றைய மதிப்பு பூமியில் சுமார் 460-ல் ஒரு பங்கு.

1992-லிருந்து அதே வட்டாரத்தில் வேறு பொருள்களும் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. 2005-ல் அகப்பட்டது ஏரிஸ். அதன் விட்டம் 2,326 கி.மீ., புளூட்டோ 2,377 கி.மீ. நிறையிலோ ஏரிஸ்தான் சுமார் 27 சதவீதம் கூடுதல். புளூட்டோ கோள் என்றால் ஏரிஸை எந்த முகத்தோடு விலக்குவது? பிராக் கூட்டத்தில் முதலில் வைத்த வரைவு சீரிஸ், சாரன், ஏரிஸ் மூன்றையும் சேர்த்துக் கோள்களைப் பன்னிரண்டாக்கியது. எதிர்ப்பு வந்து, ஒரே வாரத்தில் எட்டாகக் குறைந்தது.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. "நவக்கிரகங்கள் எட்டாகிவிட்டன" என்ற தலைப்பு 2006-லிருந்து அவ்வப்போது தலைகாட்டுகிறது. கோயிலில் சுற்றிவரும் ஒன்பது வேறு, பாடப்புத்தகத்தில் இருந்த ஒன்பது வேறு. நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் ராகுவும் கேதுவும் உண்டு. பூமி கிடையாது, புளூட்டோ என்றுமே இருந்ததில்லை. இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்ற ஐந்துதான். ராகு, கேது பொருள்களே அல்ல. நிலவின் பாதை சூரியன் போகும் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். பிராக் தீர்மானத்தால் சந்நிதியில் யாரும் இடம்பெயரவில்லை.

சொல்லிலும் கவனம் வேண்டும். குறுங்கோள், சிறுகோள் இரண்டையும் உங்கள் இணைப்பில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். உருண்டையாகும் அளவு நிறை இருந்தும் பாதை ஆதிக்கம் இல்லாதது குறுங்கோள். ஒன்றியம் இதுவரை அங்கீகரித்தவை ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மேக்மேக், ஏரிஸ். வெஸ்டா சுமார் 525 கி.மீ. அகலம் இருந்தும் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் தென்துருவப் பக்கம் ஏறக்குறைய 500 கி.மீ. அகலத்துக்கு ஒரே குழி. உருண்டை என்று சொல்ல முடியாது.

தீர்மானத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதல் நிபந்தனையே 'சூரியனை' என்றிருப்பதால், மற்ற விண்மீன்களைச் சுற்றுபவை அதில் அடங்கா. 2025-க்குள் அப்படிப்பட்டவை 6,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றுக்கு ஒன்றியம் வேறொரு நடைமுறை வரையறை வைத்திருக்கிறது. வியாழனைப்போல் 13 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் உள்ளே டியூட்டீரியம் (ஹைட்ரஜனின் கனமான வகை) எரியத் தொடங்கிவிடும் என்பதால் மேல்வரம்பு அங்கே நிற்கிறது. கீழ்வரம்பையும் நிறையாலேயே வைக்கலாம், 1-க்குப் பின் 23 சுழியம் போட்ட கிலோகிராம் என்று 2024-ல் ஒரு முன்மொழிவு வந்தது. புதன் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல், புளூட்டோ எட்டில் ஒரு பங்கு அளவு. எது விதியானாலும் சூரியக் குடும்பத்தின் எட்டு அசையாது.

பிள்ளைகளுக்குக் காட்ட அட்டை வட்டங்கள் போதும். 1,000 கி.மீ.க்கு ஒரு செ.மீ. விட்டம் என்று வெட்டச் சொல்லுங்கள்: பூமி 12.7, கனிமீடு 5.3, புதன் 4.9, நம் நிலவு 3.5, புளூட்டோ 2.4, ஏரிஸ் 2.3 செ.மீ. சீரிஸ் 9 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. புளூட்டோவையும் ஏரிஸையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

திருத்தம் வெளியிட இரண்டு வரிதான் இடம் என்றால் இப்படிப் போடலாம்: "சூரியக் குடும்பத்தில் கோள்கள் எட்டு, அங்கீகரிக்கப்பட்ட குறுங்கோள்கள் ஐந்து. புளூட்டோ சூரியனைச் சுற்றுகிறது, உருண்டையாகவும் இருக்கிறது. தன் பாதை வட்டாரத்தில் ஆதிக்கம் இல்லாததால் குறுங்கோள் எனப்படுகிறது."

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர், திருப்பத்தூர் மாவட்டம்