அந்தப் படத்தில் ஆறு பேர் இருந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா காலத்தில் உழைத்த மருத்துவப் பணியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த நாட்டில் எவ்வளவு என்று தேடிப்பிடித்து எழுதியிருந்தீர்கள், நல்லது. கடைசிப் பத்தியில் ஒரு வரி வந்தது: "பணத்தை எதிர்பார்த்தா அவர்கள் உழைத்தார்கள்?"

ஆமாம் ஐயா, சம்பளத்தை எதிர்பார்த்துத்தான் உழைத்தோம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எங்களுக்கும் உண்டு. பாலம் கட்டுகிற பொறியாளரைப் பார்த்தோ வழக்காடுகிற வக்கீலைப் பார்த்தோ இந்தக் கேள்வியை உங்கள் இதழ் கேட்டு நான் படித்ததில்லை. செவிலியர் என்று வந்துவிட்டால் மட்டும் பணம் என்ற சொல்லே கூச்சப்பட வேண்டிய சொல்லாகிவிடுகிறது. நீங்களே ஒருமுறை அட்டையில் எங்களை 'வெள்ளுடை தேவதைகள்' என்று போட்டீர்கள். தேவதைகளுக்கு இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வண்டி வேண்டாம் போலிருக்கிறது. அதைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

நான் 23 வருடமாக வார்டில் நிற்கிறவள். தொற்று உச்சத்தில் இருந்தபோது எங்களுக்கு வாரத்துக்கு ஒரு என்-95 முகக்கவசம். டியூட்டி முடிந்ததும் அதை ஒரு காகித உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, வரிசையாக ஆணியில் மாட்டிவைப்போம். மூன்றாம் நாளே வார் தளர்ந்துவிடும், முடிச்சுப் போட்டுக்கொள்வோம். ஐந்தாம் நாள் முடிச்சுக்கு மேல் முடிச்சு. வாரக் கடைசியில் அது காதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், மூக்கை அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தது அப்படி ஒரு வாரக் கடைசியில்தான்.

பதினேழு நாள் படுத்திருந்தேன். பிறகு ஊக்கத்தொகை வந்தபோது, வருகைப் பதிவேட்டின்படி அந்தப் பதினேழு நாளும் கழிக்கப்பட்டிருந்தது. கணக்குப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "விதி அப்படி மேடம். உங்களுக்கு வார்டில்தான் தொற்று வந்தது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்" என்றார். யார் எழுதிக் கொடுப்பார்கள்? வைரஸிடம் போய்க் கையெழுத்து வாங்குவதா?

உங்கள் கட்டுரை தொகையோடு நின்றுவிட்டது. நியூயார்க்கில் 3,000 டாலர் என்று எழுதினீர்கள். அது உச்ச அளவு. ஆறாறு மாதமாக இரண்டு தவணை. வாரத்துக்கு 35 மணி நேரமாவது வேலை பார்த்தவருக்குத் தவணைக்கு 1,500, இருபது மணி நேரம்தான் என்றால் 500. அந்த ஆறு மாதமும் வேலை தொடர்ந்திருக்க வேண்டும், பதவிப் பெயர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஊழியர் போட முடியவில்லை, முதலாளிதான் போட வேண்டியிருந்தது. முதலாளிக்கும் ஊழியருக்கும் ஆகாதென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஜெர்மனியில் 2022இல் போட்ட சட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அங்கே மருத்துவமனைச் செவிலியருக்குப் பணம் வர வேண்டுமென்றால், முந்தைய ஆண்டில் அந்த மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகள் 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்திருக்க வேண்டும். ஒன்பது பேர் என்றால்? எங்கள் வார்டில் ராத்திரி முழுக்க நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்து, திருப்பி, மறுபடி குப்புறப் போட்டு, வென்டிலேட்டருக்குப் போகாமல் எத்தனையோ பேரை மீட்டோம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அது நாங்கள் செய்த முட்டாள்தனம்.

ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். ஸ்காட்லாந்து 500 பவுண்ட் அறிவித்தது. அதற்கு வரி உண்டா இல்லையா என்று எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசும் லண்டனில் இருக்கும் பிரிட்டன் அரசும் சண்டை போட்டன. வேல்ஸில் 2021இல் 735 பவுண்டாக அறிவித்தார்கள், பிடித்தம் போகப் பெரும்பாலானவர் கையில் 500 நிற்கட்டும் என்று. சம்பளச் சீட்டை ஒருமுறையாவது உற்றுப் பார்த்த யாரோ போட்ட கணக்கு அது.

அப்புறம் கைதட்டல். பிரிட்டனில் 2020இல் பத்து வியாழக்கிழமை தட்டினார்கள். அடுத்த மார்ச்சில் இங்கிலாந்துச் செவிலியர்களுக்கு அரசு முன்வைத்த சம்பள உயர்வு 1 சதவீதம். கூச்சல் கிளம்பிய பிறகு அது 3 ஆனது. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரரும் மாடியில் நின்று நன்றாகத் தட்டினார். மறுநாள் காலையில் படியிலேயே நிறுத்தி, "கொஞ்ச நாளைக்கு வேறு எங்கேயாவது தங்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சரி, எனக்காவது கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். எங்கள் வார்டைத் துடைத்த அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. இறந்தவர்களை இரண்டு உறைகளில் வைத்துக் கட்டும்போது கால்பக்கம் பிடித்தது அவர்தான். மருத்துவர்கள் முறைவைத்து மாறினார்கள், நாங்கள் மாறினோம், அவருக்கு மாற்று ஆளே கிடையாது. இடையில் ஒப்பந்தக்காரர் மாறியதால் காகிதத்தில் அவர் 'புதிதாகச் சேர்ந்தவர்' ஆகிவிட்டார். அதே வார்டு, அதே வாளி, அதே மாப்பு. பட்டியல் ஒட்டிய அன்று, "எனக்கும் வருமா சிஸ்டர்?" என்று கேட்டார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதால் நானே இரண்டு முறை தேடிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இல்லை என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

நாங்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கவரில் வைத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, "கையெழுத்து எங்கே போடணும்?" என்றார். எங்களிடம் அதற்கு ஒரு பதிவேடு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் சுமார் 1,15,000 பேர் என்று மதிப்பிட்டது. அதிலேயே 80,000 ஆகவும் இருக்கலாம், 1,80,000 ஆகவும் இருக்கலாம் என்கிறது. இந்த அக்கா மாதிரி ஆட்களை யார் எண்ணியிருப்பார்கள்? செய்திகளைக் கையாளுகிற உங்களுக்கு இது தெரியாததல்ல.

நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் கட்டுரையோடு வந்த படம் எங்கள் வார்டு வாசலில் எடுத்தது. உங்கள் புகைப்படக்காரர் அன்றே எங்களுக்கு அனுப்பிய முழுப்படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் ஆறு பேர். நீங்கள் அச்சிட்டதில் நான்கு பேர்தான். வலது ஓரத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற தம்பி முழுதாகப் போய்விட்டார். இடது ஓரத்தில் அக்காவின் கையும் மாப்பின் கம்பும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அடுத்த இதழில் முழுப் படத்தையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பதினைந்து வருட வாசகி,
ஒரு செவிலியர்

(இன்னும் பணியில் இருக்கிறேன், பெயரை வெளியிட வேண்டாம்.)