செயலாளர் ஆண்டறிக்கை 2025: அயலவரோடு ஒரு நோர்வேஜிய நத்தார்

தலைவர், நிர்வாகக் குழுவினர், பெற்றோர், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

நோர்வேயின் பேர்கன் நகரில் நம் சங்கம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையில்லாமல் நடந்தன. கோடைகால விளையாட்டுப் போட்டியும் வாணிவிழாவும் வழக்கம்போல் நிறைவாக முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். எனவே, நவம்பர் முதல் ஜனவரி வரை நாம் இம்முறை புதிதாகச் செய்தவற்றைப் பற்றியே கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதுவரை டிசம்பரில் ஒரு மண்டபம் எடுத்து ஒளிவிழா வைப்போம். நத்தார் தாத்தா வருவார், பரிசு கொடுப்போம், கொத்துரொட்டி சாப்பிட்டுக் கலைவோம். கடந்த பொதுக்கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை பாலர் பாடசாலையில் இருந்து வந்து, எங்கள் வீட்டில் ஏன் அந்த நத்தார் அரிசிக் கஞ்சி காய்ச்சுவதில்லை என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?" அவர் கேட்டது நியாயம். இந்த ஊரின் நத்தார் கதவுக்கு உள்ளே நடக்கும் பண்டிகை. 24ஆம் திகதி பின்னேரம் கடைகள் பூட்டிவிடும். 5 மணிக்குத் தேவாலய மணி அடித்ததும் பேர்கன் தெருக்களில் ஆளைக் காண முடியாது. நம் ஊர்களில் பண்டிகை என்றால் வீடு வீடாகப் போய் வருவோம். இங்கே அந்த மாலை குடும்பத்துக்கு மட்டும் உரியது. அழைப்பு இல்லாமல் யாரும் போவதில்லை. அதனால் இருபது, முப்பது வருடம் இங்கே வாழ்ந்தவர்களில்கூடப் பலர் ஒரு நோர்வேஜியக் குடும்பம் நத்தார் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அந்த மாலையை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில் அயலவரை நம்மிடம் அழைப்பது என்று குழு முடிவெடுத்தது.

முதல் வேலை பெப்பர்காக வீடு. பேர்கன் நகரில் 1991 முதல் ஒவ்வோர் ஆண்டும் இஞ்சி மாப்பலகாரத்தாலேயே ஒரு முழு நகரத்தைக் கட்டிக் காட்சிக்கு வைக்கிறார்கள். பாலர் பாடசாலைகள், பள்ளிகள், குடும்பங்கள் என்று யாரும் வீடு செய்து கொடுக்கலாம். நம் பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியையே செய்தார்கள். பல்கனிகளில் துவிச்சக்கர வண்டியும் உண்டு. பாணி, இஞ்சி, கறுவா, கராம்பு, மிளகு சேர்த்துப் பிசைந்த மாவை ஓர் இரவு குளிரூட்டியில் வைத்தால்தான் சுவர் வளையாமல் வெந்து வரும். சுவர்களை ஒட்டுவது உருக்கிய சீனி. கையில் பட்டால் தோல் போய்விடும் என்பதால் அதைப் பெரியவர்களே செய்தோம்.

நவம்பர் 30, நத்தாருக்கு முந்திய ஆயத்தக் காலமான அட்வென்ட்டின் முதல் ஞாயிறு. நான்கு மெழுகுதிரிகளில் முதலாவதை ஏற்றிவிட்டுப் பலகாரம் சுட்டோம். நத்தாருக்கு ஏழு வகைப் பலகாரம் என்பது இங்கே பழைய கணக்கு. எந்த ஏழு என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. நாம் எடுத்துக்கொண்டது க்ரும்காக. மாவைச் சூடான இரும்புத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி மூடி, பொன்னிறம் வந்ததும் எடுத்து, ஆறுவதற்குள் மரக் கூம்பில் சுற்றிவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் நொறுங்கிவிடும். அச்சுப் பலகாரம் சுட்டுப் பழகிய நம் பெண்களின் கைவேகத்தைப் பார்த்து, சொல்லிக்கொடுக்க வந்தவர்களே கைதட்டினார்கள். இதில் முட்டை சேர்வதால் சைவ உறுப்பினர்களுக்காகத் தனித் தட்டில் பயற்றம் பணியாரம் வைத்தோம்.

டிசம்பர் 13, சனிக்கிழமை, லூசியா நாள். பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, கையில் விளக்கோடு ஊர்வலமாக வந்து, குங்குமப்பூப் பணிஸ் பரிமாறினார்கள். அன்றே பின்னஷொட் என்னும் ஆட்டு விலாச் சமையலும் நடந்தது. கிழக்கு நோர்வேயில் நத்தார் இரவுக்குப் பன்றி விலா, மேற்கே நம் பக்கம் ஆட்டு விலா. நம்மில் பன்றி சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பேர்கன் வழக்கம் நமக்குப் பொருந்தி வந்தது. ஆளுக்குச் சுமார் 400 கிராம் என்று கணக்குப் பண்ணி வாங்கினோம்.

சொல்லிக்கொடுத்தவர் நம் பகுதியில் வசிக்கும் முதிய அம்மா ஒருவர். உப்பிட்டு உலர்த்திய விலாவை எலும்பு எலும்பாகப் பிரித்து, முதல் நாளே குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட்டு, இடையில் தண்ணீரையும் மாற்றியிருந்தார். பட்டை உரித்த பேர்ச் மரக் குச்சிகளைப் பெரிய பானையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். குச்சி மட்டத்துக்குத்தான் தண்ணீர். அதன் மேல் இறைச்சி. மூடி போட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று மணி நேரம். அடிக்கடி மூடியைத் திறக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்க்காமலும் இருக்கக் கூடாது. எலும்பை விட்டு இறைச்சி தானாகக் கழன்றால் பதம். பானை அடியில் ஊறிய கொழுப்புச் சாற்றை அவர் கொட்டவில்லை. இங்கே கோல்ரபி என்று சொல்லும் மஞ்சள் ருட்டபாகாக் கிழங்கை அவித்து மசித்து, அதில் வெண்ணெயோடு அதையும் ஊற்றிக் கிளறினார். உப்பு ஏறிய இறைச்சிக்கு அந்த இனிப்பு மசியல்தான் சரியான துணை. ஆளாளுக்குக் கேள்வி கேட்க, அவரும் சலிக்காமல் தன் தாய் எப்படிச் செய்வார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஆண்டில் சங்கத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய பரிசு அந்தப் பின்னேரம் என்று நான் நினைக்கிறேன்.

லூட்டபிஸ்க்கும் சிறிதளவு வைத்தோம். காய்ந்த மீனைத் தண்ணீரிலும் பிறகு காரநீரிலும் ஊறவைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிச் சமைப்பது. இளையவர்கள் தயங்கினார்கள். எண்பதுகளில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம் மூத்தவர்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள். சூரியனே எழாத அந்த வடக்குக் குளிரில் தங்களை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்த சக தொழிலாளர்களைப் பற்றியும் பேசினார்கள். அந்தக் கதைகளைப் பதிவுசெய்யும் வேலையை இளையோர் பிரிவு பொறுப்பேற்றிருக்கிறது.

24ஆம் திகதி நண்பகலில் அரிசிக் கஞ்சிக்கு மட்டும் மண்டபத்தைத் திறந்தோம். தனியாக இருக்கும் மாணவர்கள், புதிதாக வந்தவர்கள், முதியோர் இல்லங்களில் பின்னேர வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுக்காகத்தான். வட்ட அரிசியைப் பாலில் இட்டு அடிப்பிடிக்காமல் முக்கால் மணி நேரம் துழாவ வேண்டும். மேலே சீனி, கறுவாத்தூள், நடுவில் ஒரு துண்டு வெண்ணெய். முட்டையோ இறைச்சியோ இல்லாததால், மார்கழியில் விரதம் இருப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பானைக்குள் தோலுரித்த முழு பாதாம் ஒன்று கிடக்கும். கிடைத்தவர் அதைக் கன்னத்துக்குள் ஒளித்து வைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் காட்ட வேண்டும். பரிசு, பாதாமும் சீனியும் சேர்த்துச் செய்த பன்றிக்குட்டி இனிப்பு. இம்முறை அது ஒரு மாணவருக்குக் கிடைத்தது. அவர் அதை வெட்டி எல்லோருக்கும் பகிர்ந்தார். பிள்ளைகள் நிஸ்ஸவுக்கு என்று ஒரு கிண்ணம் கஞ்சியைப் பின்படியில் வைத்தார்கள். முன்பு பண்ணைகளில் தொழுவத்தைக் காக்கும் இந்தக் குட்டி மனிதருக்கு நத்தார் இரவில் கஞ்சி வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. அப்புறம் சிலர் சேர்ந்து மயானத்துக்குப் போய், இங்கே அடக்கம் செய்யப்பட்ட நம்மவர் கல்லறைகளிலும் மெழுகுதிரி ஏற்றினார்கள். அன்று மயானம் முழுவதும் அப்படித்தான் விளக்குகள் எரியும்.

ஜனவரி 10இல் நத்தார் மர விழா. கைகோர்த்து, மரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பாடி நடந்தோம். வெளி வட்டத்தில் பெரியவர்கள், உள்ளே பிள்ளைகள். இங்கே நத்தாரின் இருபதாம் நாளான ஜனவரி 13இல் மரத்தை எடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து நமக்குத் தைப்பொங்கல். அயலவர்களைப் பொங்கலுக்கு அழைத்தோம், வந்தார்கள். கஞ்சி துழாவிய அதே கைகள் பொங்கல் பானையிலும் அரிசி போட்டன.

இந்த நிகழ்வுகள் அனைத்தும் டுக்னாட் முறையில், ஊதியமில்லாக் கூட்டு உழைப்பாகவே நடந்தன. சமைத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், வாகனம் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் குழுவின் நன்றி.

2026க்கு மூன்று கோரிக்கைகள். டிசம்பரில் நிறுவனங்களின் நத்தார் விருந்துகளால் மண்டபங்கள் நிரம்பிவிடுவதால், ஓகஸ்ட்டிலேயே பதிவு செய்யக் குழுவுக்கு அனுமதி வேண்டும். க்ரும்காக இரும்பு இரண்டு சங்கத்துக்கென்று வாங்க வேண்டும். இம்முறை இரவல் வாங்கினோம். 24ஆம் திகதிக் கஞ்சியை ஒவ்வோர் ஆண்டும் நடத்துவது என்று பொதுச்சபை இன்று தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். அன்று காலை 10 மணிக்கு வந்து பானை துழாவ முன்வருவோர், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரலாம்.

செயலாளர்