‘பாலன்சீனின் மனைவி’ என்ற ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த பாலே நடன வரலாற்றுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பதினான்காம் லூயியின் அரண்மனை, பாரிஸ், பீட்டர்ஸ்பர்க், நியூயார்க் என்று ஊர் ஊராக அழைத்துச் சென்ற கட்டுரையாளர், அமெரிக்க பாலே நடனமணி மரியா டால்சீஃபை ‘நடன இயக்குநர் ஜார்ஜ் பாலன்சீனின் மனைவி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

மகள் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், துல்சாவில் இருக்கிறாள். போன ஆண்டு அங்கே தங்கியிருந்தபோது பேத்தி ஒரு கால் டாலர் நாணயத்தை என் கையில் வைத்து, “பாட்டி, இவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர்” என்றாள். ஒரு பெண் ஆடுகிறார். அருகில் எனக்கு முன்பின் தெரியாத எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. அது ஓசேஜ் பழங்குடியினரின் எழுத்து என்றும், மரியாவுக்கு அவருடைய மக்கள் வைத்த பெயர் அது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்க அரசு 2023-ல் வெளியிட்ட நாணயம் அது.

பேத்தி சொன்ன பக்கத்து ஊர், துல்சாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபேர்ஃபாக்ஸ். இன்று ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் அங்கே வசிக்கிறார்கள். 1925 ஜனவரியில் மரியா பிறந்தபோது அது எண்ணெய்ப் பணம் கொழித்த ஊர். ஓசேஜ் மக்கள் 1906-ல் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது நிலத்தடி வளத்தை மட்டும் பிரிக்காமல் இனத்தின் பொதுச்சொத்தாக வைத்துக்கொண்டார்கள். எத்தனை தொலைநோக்கு! மரியாவின் கொள்ளுத்தாத்தா பீட்டர் பிக்ஹார்ட்டும் அதற்காகப் பாடுபட்டவர். அந்த வருமானத்தில்தான் மரியாவின் அப்பா குன்றின்மேல் பத்து அறை வீட்டில் குடியிருந்தார். ஊரின் சினிமா தியேட்டரும் அவருடையதே. டால்சீஃப் என்ற பெயரில் அந்தத் தியேட்டர் கட்டடம் இன்றும் நிற்கிறது.

அதே பணத்துக்காக அதே ஊரில் ஓசேஜ் மக்களைக் கொன்று குவித்தார்கள். 1923 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸில் ஒரு வீட்டையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். மரியா பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. தொட்டிலை ஆட்டிய தாய்மார்கள் அந்த ஊரில் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழங்குடிச் சடங்குகளையும் ஆடல்களையும் அன்றைய அரசு ஒடுக்கி வைத்திருந்தது. ஒதுக்குப்புறமான இடங்களில் மறைவாக நடந்த அந்த ஆடல்களுக்குப் பேத்திகளை அழைத்துப் போனவர் அப்பாவைப் பெற்ற பாட்டி எலைசா. மரியா முதலில் பார்த்த ஆட்டம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாலே கற்றுக்கொடுக்க துல்சாவிலிருந்து ஓர் ஆசிரியை வந்துபோனார். எலும்பு முற்றாத வயதிலேயே நுனிவிரலில் நிற்கவைத்துவிட்டார். 1933-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபின், கற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறகு ரஷ்ய நடனக் கலைஞர் பிரானிஸ்லாவா நிஜின்ஸ்காவிடம் பயிற்சி. 1942-ல் பாலே ரூஸ் த மாண்டே கார்லோ குழுவில் சேர்ந்தார். பாலே என்றால் ரஷ்யர்கள்தான் என்றிருந்த காலம்; லண்டனில் பிறந்த நடனமணி லிலியன் அலிசியா மார்க்ஸ், மார்கோவா ஆனதும் அப்படித்தான். மரியாவிடமும் ‘டால்சீவா’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டி மரீ என்ற முதற்பெயரை மரியா என்று ஆக்கிக்கொள்ளச் சம்மதித்தவர், குலப்பெயரைத் தொட விடவில்லை. குழுவில் அப்போதுதான் சேர்ந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு இருந்த உறுதியைப் பாருங்கள்.

பாலன்சீனை மணந்தது 1946-ல். 1949-ல் அவர் அமைத்த ‘தீப்பறவை’ பாலே மரியாவை உச்சிக்குக் கொண்டுபோனது உண்மை. ஆனால் 1954-ல் அவருடைய ‘நட்கிராக்கர்’ பாலே அரங்கேறி, சுகர் பிளம் தேவதையாக மரியா ஆடியபோது அந்தத் திருமணம் முறிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகும் 1965 வரை நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடினார். கட்டுரையாளர் எந்த மனைவியைப் பற்றி எழுதினார்?

தங்கை மார்ஜரியும் ஃபேர்ஃபாக்ஸில் வளர்ந்தவர்தான். 1957-ல் பாரிஸ் ஓபெராவின் ‘எத்வால்’ என்னும் உச்சநிலைக்கு உயர்ந்த முதல் அமெரிக்கர் அவர். கட்டுரையில் பாரிஸுக்கு இரண்டு பத்தி இருந்தும் மார்ஜரி இல்லை. ஓக்லஹோமா மண்ணிலிருந்தே ரோசெல்லா ஹைடவர், ஈவான் சூட்டோ, மாஸ்லின் லார்கின் ஆகியோரும் வந்தார்கள். எல்லோரும் பழங்குடி வழிவந்த பெண்கள். ஐவரையும் ‘ஐந்து நிலாக்கள்’ என்று அழைக்கிறார்கள்.

துல்சா அருங்காட்சியகத் தோட்டத்தில் ஐவருக்கும் வெண்கலச் சிலைகள் உண்டு. 2022-ல் மார்ஜரியின் சிலையைத் திருடி, துண்டு துண்டாக வெட்டிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். திரும்பக் கிடைத்தவை துண்டுகள்தான். நான் போய் நின்றபோது புதிதாக வார்த்த சிலை இருந்தது. பேத்தி அதன் காலடியில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிவிரலில் நிற்க முயன்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தத் தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த ஒரு வரியைத் திருத்தி, ஃபேர்ஃபாக்ஸுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரை வேண்டிக்கொள்கிறேன். நாணயத்தின் இரு பக்கங்களையும் படமெடுத்து இத்துடன் அனுப்பியுள்ளேன், இடமிருந்தால் வெளியிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்