படைவீரர் அருங்காட்சியகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கே வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும், அவர்களுடைய குடும்பத்தினருக்கும் வணக்கம்.

புதிய பொருள்களைச் சேர்ப்பதைச் சற்றே நிறுத்திவைத்துவிட்டு, ஏற்கெனவே நம் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் யாருடையது, எப்படி நம்மிடம் வந்தது என்பதை எழுத்தில் கொண்டுவருவது என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழு தீர்மானித்தது. இந்த ஆண்டின் பணி முழுவதும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றியே நடந்தது. புதிய வரவுகளின் நீண்ட பட்டியலை எதிர்பார்த்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு இவ்வறிக்கை ஏமாற்றம் தரலாம்; ஆனால் நான் செயலாளராக இருந்த காலத்தில் இதைவிட அவசியமான வேலை எதையும் நாம் செய்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தத் தீர்மானத்துக்குக் காரணமாக இருந்தவை, பர்மா (இன்றைய மியான்மர்) போர்முனையில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய பர்மா நட்சத்திரப் பதக்கங்கள் இரண்டு. அண்ணன், தம்பி இருவரும் இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர்கள். இருவரின் பதக்கங்களையும் குடும்பத்தார் ஒரே பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒப்படைத்தபோது, கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரை மட்டும் பெட்டியின்மேல் எழுதிவைத்தோம். முதல் உலகப்போருக்காகப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய வெள்ளிப் பதக்கமாக இருந்தால், அதன் விளிம்பிலேயே வீரரின் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப்போருக்கான நட்சத்திரப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலேயே வழங்குவது என்று அதே அரசு முடிவுசெய்தது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற சில நாடுகள் தம் வீரர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. நம்மிடம் உள்ள இரண்டிலும் பெயர் இல்லாததால், எது அண்ணனுடையது, எது தம்பியுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே கேட்டு எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதை நம் அனைவரின் தவறாகவே பதிவுசெய்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பொருளுக்கும், அது வந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள் என்ற வரிசையில் ஓர் எண் தரப்பட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. சீருடைகளில் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, ஓரத்தில் தளர்வாகத் தைக்கிறோம். புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதுகிறோம். பேனா மை காலப்போக்கில் மறுபக்கம் ஊறிவிடும். பதக்கங்களின்மேல் எதுவும் எழுதுவதில்லை. நூலில் கட்டிய சீட்டு மட்டுமே. இவற்றோடு, பொருளைத் தந்தவர் அதை நன்கொடையாகத் தந்தாரா, இரவலாகத் தந்தாரா என்பதைக் கையொப்பத்துடன் வாங்கிவைக்கிறோம். இது வெறும் சடங்கு என்று சில உறுப்பினர்கள் கருதுவதை நான் அறிவேன். தாத்தாவின் பதக்கத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு பேரன் வந்து நிற்கும் நாளில் அந்த ஒரு தாள்தான் அவருக்கும் நமக்கும் இடையே மனக்கசப்பு வராமல் காக்கும்.

விவரங்களை அரசு ஆவணக் காப்பகங்களில் பிறகு தேடிக்கொள்ளலாமே என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தது. ஆவணக் காப்பகங்களும் எரிந்துபோகக்கூடியவை. முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினரின் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி, 1940 செப்டம்பரில் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் தீக்கிரையானது. எஞ்சியவற்றை இன்றும் ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள படையினர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில் ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படையினர் கோப்புகள் அழிந்தன. அதன் பிறகு ஒரு முன்னாள் வீரரின் பணிக்காலத்தை நிறுவ, வீட்டுப் பெட்டியில் கிடந்த விடுவிப்புச் சான்றும், சம்பளப் புத்தகமும், கடிதங்களும் உதவின. நம் ஒரு சிறிய அறையில் உள்ள தாள்கள், எங்கோ ஒரு பெரிய காப்பகத்தில் இல்லாமற்போன தாள்களாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அவற்றைக் கையாள வேண்டும்.

அந்தக் காரணத்தினாலேயே பாதுகாப்புப் பணியை இந்த ஆண்டு அடிமுதல் மாற்றியமைத்தோம். நல்லெண்ணத்தோடு நாம் செய்துவந்த பல காரியங்கள் பொருள்களுக்குக் கேடாக இருந்தன என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நினைவுநாளுக்கு முன்பும் பதக்கங்களைப் பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினோம். ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பிலிருந்த எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. வெள்ளிப் பதக்கங்களைக் கம்பளிச் சீருடையின்மேல் குத்திக் காட்சிக்கு வைத்தோம். கம்பளியிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கருக்கவைத்தன. புகைப்படங்களைப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் உறைகளில் இட்டோம், அவை பிசுபிசுத்துப் படங்களோடு ஒட்டிக்கொண்டன. கிழிந்த கடிதங்களுக்குச் செலோடேப் ஒட்டியதைப் பற்றிச் சொல்லவே மனம் வரவில்லை. பாலிஷ் போடுவது முற்றாக நிறுத்தப்பட்டுள்ளது. கடிதங்களும் படங்களும் அமிலமற்ற தாளுறைகளுக்கு மாற்றப்பட்டுள்ளன. உலோகப் பொருள்களைத் தொடும்போது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை கட்டாயம். பழைய தாள்களைத் தொட, கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது, ஏனெனில் தடித்த துணிக்கையுறை தாளின் ஓரத்தைக் கிழித்துவிடுகிறது.

கூடம் இருட்டாக இருக்கிறது என்ற குறை பார்வையாளர்களிடமிருந்து வந்தது. துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மேற்பட்ட ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒளியால் வெளுத்த நிறம் எந்த முறையாலும் திரும்ப வராது. பதக்க நாடாவின் நிறங்கள்தான் வீரர் எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதைச் சொல்கின்றன. அவை வெளுத்துவிட்டால் அந்தச் செய்தியும் போய்விடும். ஆகவே விளக்குகளைக் கூட்டுவதாக இல்லை. உள்ளே நுழைந்ததும் கண்கள் பழகுவதற்குச் சில நிமிடம் பொறுத்துக்கொள்ளுமாறு வாயிலில் எழுதிவைத்திருக்கிறோம். அந்துப்பூச்சி அரித்த கம்பளி மேலங்கி ஒன்றைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுத்தோம். பூச்சிமருந்து எதுவும் பயன்படுத்தப்படவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்ட பழைய திசைகாட்டிகளும் கைக்கடிகாரங்களும் வீடுகளில் இருக்கக்கூடும். பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் கதிர்வீச்சு நின்றிருக்காது, ஏனெனில் ரேடியத்தின் அரையாயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். உலகப்போர்க் காலத்து நச்சுவாயு முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில், நுரையீரலுக்குக் கேடு செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருந்தது. விளையாட்டாகக்கூட யாரும் அவற்றை அணிந்துபார்க்க வேண்டாம். பழைய வெடிகுண்டோ எறிகுண்டோ கிடைத்தால் அதைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். எக்காரணம் கொண்டும் நம்மிடம் எடுத்துவராதீர்கள்.

இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவளித்தது வாய்மொழிப் பதிவுப் பணி. முதல் சில பதிவுகளில் நாம் நேராகப் போர்க்களத்தைப் பற்றிக் கேட்டோம். பெரியவர்கள் ஓரிரு சொற்களில் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வினாக்களை மாற்றினோம். வீட்டிலிருந்து புறப்பட்ட நாளில் யார் வழியனுப்பினார்கள், பயிற்சி முகாமில் முதல் இரவு எப்படி இருந்தது, கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று தொடங்கியதும் பேச்சு தானாக வளர்ந்தது. அவர்களுடைய சொந்தப் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது எந்த வினாவையும்விட நன்றாகப் பலன் தந்தது. சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை என்பதும், பதிவை எங்கே, எப்போது வெளியிடலாம் என்பதை அவரே எழுத்தில் தீர்மானிப்பார் என்பதும் நம் விதிகள். ஒருவர் தம் மறைவுக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வாறே செய்யப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்பதிவுகளால் நம் காட்சிக்கூடத்தின் குறையும் வெளிப்பட்டது. சமையற்காரர், வண்டியோட்டி, செவிலியர், பண்டகக் காப்பாளர், தந்தி அனுப்பியவர் என்று பணியாற்றியவர்கள், ‘நான் சண்டை போடவில்லையே, என்னைப் பற்றி என்ன இருக்கிறது’ என்று சொல்லியே பேச்சைத் தொடங்குகிறார்கள். நாம் துப்பாக்கியையும் வாளையும் நடுவில் வைத்ததால்தான் அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு நடு மேசையில், செவிலியர் ஒருவரின் பணிக் குறிப்பேடும், களச் சமையற்கூடத்தின் பாத்திரமும் வைக்கச் செயற்குழு ஒப்புதல் அளித்துள்ளது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வார இறுதிகளில் வந்து பதிவேடு எழுதிய தன்னார்வலர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த ஆண்டில் நம்மைவிட்டுப் பிரிந்த முன்னாள் வீரர்களுக்காகக் கூட்டத்தின் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். அவர்களுள் இருவருடைய குரலை நாம் பதிவுசெய்ய முடிந்தது, மற்றவர்களுடையதை முடியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாயிலருகே உள்ள மேசைமேல் ஒரு புகைப்படத்தின் பெரிதாக்கிய பிரதியை வைத்திருக்கிறோம். சீருடையணிந்த ஆறு இளைஞர்கள் நிற்கிறார்கள். பின்புறத்தில் ‘பயிற்சி முடிந்த நாள்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவரை அவருடைய மகள் சென்ற மாதம் வந்து அடையாளம் காட்டினார். மற்ற ஐவரின் பெயர்களும் தெரிய வேண்டும். மேசையில் தாளும் பென்சிலும் இருக்கின்றன. புறப்படுமுன் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுச் செல்லுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்