ஒழுங்கை வாய்க்காலும் எங்கள் வரிக்காசும்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சுகம். நேற்றுக் கதைக்கும்போது "எந்தக் கட்சி வந்தாலும் ஒன்றுதான், விடுங்கோ அம்மா" என்று சொல்லிப்போட்டு போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

கட்சிகளைப் பற்றி நீ சொன்னது பிழை என்று சொல்லமாட்டேன். 2013 செப்டம்பரில் வட மாகாண சபைத் தேர்தலுக்கு அம்மம்மாவும் முழங்கால் வருத்தத்தோடு வந்து வரிசையில் நின்றா. 38 இடங்களில் 30ஐ எங்கள் ஆட்கள் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கே கொடுத்தோம். 2017இல் தங்கள் முதலமைச்சருக்கு எதிராகத் தாங்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டு ஓடினார்கள். பேப்பரை மடித்து வைத்த அம்மம்மா அன்று முழுக்க ஒரு கதையும் இல்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் சனம் மாற்றிப் போட்டது, யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் 3 ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது.

ஆனால் விட என்னால் ஏலாது. காசு எங்களுடையது. 2019 கடைசியில் அரசாங்கத்தில் இருந்தவர்கள், சாமான் வாங்கும்போது நாங்கள் கட்டுகிற வற் வரியை 8 வீதமாகக் குறைத்தார்கள். 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று கை விரித்தார்கள். 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதம், அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸுக்கும் சேர்த்து. சவர்க்காரம் வாங்கப் போகிற கிழவியும் கட்டுகிறாள். நடுவில், 2023இல், உள்ளூராட்சித் தேர்தல் நடத்தத் திறைசேரியில் காசில்லை என்றார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்களிடம் வாங்கிய காசில் எங்களைக் கேட்பதற்கே காசில்லையாம்.

எங்கள் ஒழுங்கை வாய்க்கால் உனக்குத் தெரியும்தானே. இந்த மாரிக்கும் வெள்ளம் கிணற்றடி வரை வந்து, வாழைக்குட்டி இரண்டும் அழுகிப்போயின. வீட்டுக்குக் கட்டுகிற சோலைவரித் துண்டோடு உள்ளூராட்சி சபைக்குப் போனேன். ஒழுங்கை தங்களுடையதாம், வெள்ளம் போய் விழுகிற மதகு மாகாண வீதியில் இருக்கிறதாம், அங்கே கேட்கட்டாம். அங்கே போனால், இந்த வருசம் ஒதுக்கீடு இல்லை. சரி, ஒதுக்குகிறவர் யார்? 2018 ஒக்டோபரோடு மாகாண சபையின் காலம் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் இருக்கிறார். வோட்டுக் கேட்டு என் படலைக்கு வராதவரிடம் நான் எந்த முகத்தோடு போய் வாய்க்காலைக் கேட்பது?

கட்சிக்காரர் மேடையில் எங்கள் உரிமை பற்றிப் பேசும்போது இந்த மதகையும் ஒருக்கால் பேசியிருந்தால் நான் இவ்வளவு மனம் நொந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை திரும்பவும் போகிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். நீ போன முறை வந்தபோது எடுத்த வெள்ளப் படம் போனில் இருந்தால் வாட்சப்பில் அனுப்பு. மதகு தெரிகிற படம்தான் வேண்டும்.

அன்புடன்,
அம்மா